நான்காவது வாரத்தில் பிசகும் உபதேசம்

சங்ககிரி,
ஞாயிறு மதியம்.

கர்த்தருக்குள் பிரியமான மாப்பிள்ளை பிரபாகருக்கு, உங்கள் அக்கா வீட்டுக்காரன் கந்தவேல் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் குக்கரும் சுகம். கோயமுத்தூரில் நீங்களும், உங்களை மூப்பராக வைத்துச் சமாளிக்கிற சபையும் சுகமாக இருக்க வேண்டும்.

வெட்கக்கேட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எப்படியும் உங்கள் காதுக்கு வந்துவிடும். ஏழு வாரத்துக்கு முன் பள்ளிபாளையத்தில் ஒரு சபையில், இன்று முதல் முறையாக வந்தவர்கள் எழுந்து நிற்கலாம் என்றார்கள். எழுந்து நின்றேன். அதே சபையில் மார்ச் மாதமும் நான் முதல் முறையாக எழுந்து நின்றிருக்கிறேன்.

நடந்ததைக் கேளுங்கள். நம் மகள் ரஞ்சனியின் குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூன்றே மாதம் என்று ஓசூர் போன உங்கள் அக்கா கோகிலவாணி, போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. தறியை விற்றுவிட்டு இந்த ஊருக்கு நாங்கள் இரண்டு பேரும் குடிவந்ததாக நினைத்திருந்தேன், நான் மட்டும்தான் வந்திருக்கிறேன் என்பது பிறகுதான் புரிந்தது. பக்கத்தில் ஒரு சபை பார்த்துச் சேருங்கள் என்று அவள் போனில் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு போய் உட்காராதீங்க மாமா, பெரோயா ஊர்க்காரர்கள் பவுல் சொன்னதையே வேதத்தைத் திறந்து வைத்துச் சரிபார்த்தார்கள் என்று நீங்கள் சொன்னீர்கள். விடுவேனா? நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி, இடப்பக்கம் பாஸ்டர் சொன்னது, வலப்பக்கம் வேதம் சொல்வது என்று கோடு போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

முதலில் மல்லசமுத்திரம் போகிற வழியில் ஒரு சபை. விசுவாசிக்கு மாத்திரை எதற்கு என்றார் பாஸ்டர். பவுலே தன் சீடன் தீமோத்தேயுவின் வயிற்றுக்கு வைத்தியம் சொல்லியிருக்கிறாரே என்று நோட்டை நீட்டினேன். அது தீமோத்தேயுவுக்கு மட்டும் சொன்னது என்றார். எனக்கிருப்பது பி.பி., வயிறு அல்ல, ஆகவே வாதத்தை அங்கே நிறுத்திக்கொண்டேன். அடுத்தது ஆட்டையாம்பட்டிப் பக்கம், பழைய தறிக்கூடத்தில் நடக்கிற சபை. இயேசுவின் இரண்டாம் வருகை ஆடி மாதத்துக்குள் நிச்சயம் என்று நாள் குறித்துச் சொன்னார்கள். அந்த நாளும் நாழிகையும் குமாரனுக்கே தெரியாது என்றுதானே வேதத்தில் இருக்கிறது? அதைக்கூட விட்டுவிடலாம், அதே வாய் மூடுவதற்குள் சபைக்கு மேல்தளம் கான்கிரீட் ஐப்பசியில் போடுவதாக அறிவித்தார்கள். இரண்டையும் நோட்டில் அடுத்தடுத்து எழுதிக்கொண்டேன். மூன்றாவதாகப் போனது அந்தப் பள்ளிபாளையத்துச் சபை. அங்கே பிரசங்கத்தில் ஒரு குற்றமும் இல்லை. இருந்தும் நாலாவது வாரம், பிளாஸ்டிக் நாற்காலிக்கு வேதத்தில் ஆதாரம் இல்லை என்று எழுதிவிட்டு விலகினேன்.

மாப்பிள்ளை, எல்லாச் சபையிலும் உபதேசம் சரியாக நாலாவது வாரத்தில்தான் பிசகுகிறது, கவனித்தீர்களா? முதல் வாரம் நாம் எழுந்து நின்றால் கைதட்டி, பாட்டுப் பாடி, ஒரு பேனா கொடுத்து, டீயும் பிஸ்கட்டும் கையில் திணிக்கிறார்கள். நான் ஞானஸ்நானம் எடுத்து இருபத்தாறு வருஷம் ஆகிறது, ஆனால் கந்தவேல் என்ற பேரைக் கேட்டதும் புது ஆத்துமா என்று இன்னும் பலமாகத் தட்டுவார்கள். நான் மறுத்ததில்லை. திங்கட்கிழமை சாயந்திரம், ஜெபிக்க ஏதாவது விண்ணப்பம் உண்டா என்று போன் வரும். அந்த நேரத்துக்குக் குக்கர் விசில் அடித்துவிடக் கூடாதென்று முன்னாடியே சோறாக்கி இறக்கி வைத்துவிடுவேன். இரண்டாம் வாரம் ஒரு புன்னகை. மூன்றாம் வாரம் தலையாட்டல். நாலாம் வாரம் வாட்ஸப்பில் எல்லாருக்கும் போகிற காலை வசனம் எனக்கும் வரும், அவ்வளவுதான். அப்போதுதான் எனக்கு வேத ஆராய்ச்சி முற்றும்.

அந்தப் போன் ஆசையில்தான் பள்ளிபாளையத்துக்கு மறுபடி போய் எழுந்து நின்றேன். மைக் பிடித்திருந்த சௌந்தர்யா என்கிற பெண் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"ஐயா, நீங்க மார்ச்சுலயும் மொதத் தடவைதானுங்களே வந்தீங்க?"

மைக்கில் கேட்டாள். சபை சிரித்தது. பாஸ்டரும் பைபிளால் வாயை மறைத்துக்கொண்டார். டீக்கு நிற்காமல் வெளியே வந்தால் வண்டி பஞ்சர். இரண்டு தெரு தள்ளிக்கொண்டு போனேன். டயர்க்கடைக்காரர் வெள்ளைச் சட்டை போட்டுக் கடையைப் பூட்டிக்கொண்டிருந்தார். ஆராதனைக்கு நேரமாச்சு, முடிந்து வந்து ஒட்டித் தருகிறேன், அதுவரை எங்களோடு வந்து உட்காருங்கள் என்றார்.

மாடியில் முப்பது பேர் கூடுகிற சின்னச் சபை. எழுந்து நிற்கச் சொல்லவில்லை, பேனாவும் இல்லை. அதற்கப்புறம் விடாமல் போனேன். நாலாம் வாரம் தாண்டியது, நோட்டின் இடப்பக்கத்தில் ஒரு வரி ஏறவில்லை. ஐந்தாம் வாரம் ஒரு அற்பத்தனம் செய்தேன். வேண்டுமென்றே போகவில்லை. காலை ஒன்பது மணியிலிருந்து போனை மேஜைமேல் வைத்து அதன் எதிரே உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டே முக்காலுக்கு அடித்தது. டயர்க்கடைக்காரர்.

"ஏனுங்க, வரலீங்களா? உங்க சேர் சும்மா கெடக்குதுங்க. மேலுக்குச் சொகமில்லீங்களா?"

சளி என்று பொய் சொன்னேன். அதற்கேற்றாற்போல் இரண்டு தரம் இருமியும் காட்டினேன்.

ஆகவே அங்கேயே சேர்ந்துவிடுகிறேன். சேருவதற்கு, தெரிந்த மூப்பர் ஒருவர் சாட்சிக் கடிதம் தர வேண்டுமாம். இவர் உபதேசத்தை வேதத்தோடு ஒத்துப் பார்த்து, ஒரு பிழையும் காணாமல் முழு மனதோடு சேருகிறார் என்று நாலு வரி எழுதி அனுப்புங்கள். நோட்டே சாட்சி. உங்கள் அக்காவிடமும் பக்குவமாகச் சொல்லுங்கள், ஒரு ஞாயிறாவது பேரனோடு வந்து பக்கத்துச் சேரில் உட்காரட்டும்.

தங்கச்சிக்கு என் ஸ்தோத்திரம். உங்கள் முழங்கால் வலி குறையவும், பிள்ளைகளின் மார்க்கு கூடவும் ஆண்டவர் கிருபை செய்யட்டும்.

இப்படிக்கு,
கந்தவேல்

பி.கு.: சாட்சிக் கடிதத்தை அவர்கள் பாஸ்டர் வாசிக்கிற மாதிரி ஆள் வைத்து மலையாளத்தில் எழுதி அனுப்புங்கள். அங்கே டயர்க்கடைக்காரர் என்னிடம் பேசுவது தவிர, பாட்டு, ஜெபம், பிரசங்கம் எல்லாமே மலையாளம்தான். எனக்கு அதில் ஒரு வரிகூடப் புரியாது.