நடுரோட்டில் கைகாட்டும் அண்ணன்

சம்பளம் கிடையாது, சீருடை கிடையாது, வாருங்கள் என்று அழைத்தவரும் கிடையாது. ஆனாலும் வீதியில் நான்கு வண்டிகள் முட்டிக்கொண்டு நின்றால் ஐந்தாவதாக வந்து, தன் வண்டியை வந்த இடத்திலேயே ஸ்டாண்டு போட்டுப் பூட்டிவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு நடுரோட்டில் இறங்கிக் கைகாட்டும் ஓர் இனம் நம்மிடையே வாழ்கிறது. பார்த்திருப்பீர்கள். பார்க்காமல் எப்படி இருக்க முடியும்? உங்களை ரிவர்ஸ் எடுக்கச் சொன்னவர் அவர்தானே.

"வா வா வா வா... போதும். கொஞ்சம் ஒடி. இங்கிட்டு இல்லப்பா, அங்கிட்டு!"

நூறு அடி தள்ளியிருக்கும் டீக்கடைக்கும் அவர் வண்டியில்தான் போவார். அவரைப் பொறுத்தவரை நடப்பது, உடம்புக்கு முடியாதவர்கள் காலையில் செய்கிற வைத்தியம். ஆகவே மனிதர்களை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்: வண்டியில் வருகிறவர்கள், வண்டிக்குக் குறுக்கே வருகிறவர்கள். நெரிசலுக்கு மருந்தும் வைத்திருக்கிறார். "இந்த வீதிய ஒன்வே ஆக்கிட்டா எல்லாம் சரியாப்போகும்ணே." எந்தத் திசையில்? அவர் வீட்டிலிருந்து கடைக்குப் போகிற திசையில். திரும்பி வருவதற்கு? அவருக்கு மட்டும் அனுமதி உண்டென்று அவர் மனத்துக்குள் எப்போதோ தீர்மானம் நிறைவேறிவிட்டது.

திருப்பரங்குன்றத்தில் இவ்வினத்தின் சிறந்த மாதிரி பாண்டிராஜ். போன முகூர்த்த நாளில் அவரைப் பணியில் பார்த்தேன். கோயில் பக்கத்து வீதி. அகலம் இருபது அடி. பூக்கடைக்கும் தேங்காய்க்கடைக்கும் போனது போக மீதி பதினான்கு. கிழக்கேயிருந்து ஒரு கல்யாண வேன், மேற்கேயிருந்து ஒரு மினி பஸ். வேன் ஒதுங்க வேண்டிய இடத்தில், ஆட்கள் கடப்பதற்கென்று போட்ட வெள்ளைக் கோட்டின்மேல், குறுக்கே ஒரு சிவப்பு பைக். அதற்கு முன்னால் பாண்டிராஜ், இரண்டு கைகளும் ஆகாயத்தில்.

அந்நேரம் கோயிலிலிருந்து வந்தார் வீரணன். மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். தாலியைச் சாமி பாதத்தில் வைத்து வாங்கிக்கொண்டு, தாம்பாளத்தில் ஏந்தி, வெறுங்காலோடு வந்து நின்றார். மண்டபம் எதிர்ச்சாரியில். மணி ஏழேகால். முகூர்த்தம் ஏழரைக்கு முடிகிறது.

"தம்பி, கொஞ்சம் விடுங்க. எதுத்த மண்டபந்தான்."

"பொறுங்கண்ணே, வண்டி போகட்டும். நடக்குற ஆளு எப்ப வேணாலும் போகலாம்ல?"

"எப்ப வேணாலும் போறதுக்கா முகூர்த்தம் குறிச்சிருக்காக?"

மண்டபத்து வாசலில் மாப்பிள்ளையின் தாய் முனியாயி தலையில் கைவைத்துக்கொண்டு கத்தினாள்: "அண்ணே! ஐயரு ரெண்டு தரம் கேட்டுட்டாரு. வெரசா வாங்க!"

வீரணன் ஓரடி வைத்தார். பாண்டிராஜ் கையை நீட்டி மறித்தார். "இங்க ஒழுங்கு பண்ணிக்கிட்டு இருக்கேன்ல? நீங்க பாட்டுக்கு உள்ள வந்தா எம்புட்டு வண்டி தேங்கும்?"

தேங்காய்ச் சில் நுழையும் அளவு இடைவெளிகூட எங்கும் இல்லை. இதற்குமேல் தேங்குவதற்கு என்ன இருக்கிறது? மணி ஏழு இருபது.

பூக்கடை முத்துமீனா மாலை கட்டிக்கொண்டே கேட்டாள்: "ஏண்ணே, அம்புட்டுப் பேரையும் பின்னாடி போகச் சொல்றீங்களே, அந்தச் செவப்பு வண்டி யாருது?"

"நம்மளுதுதான். ஏன்?"

"அத எடுத்தா வேன் ஒதுங்குமே."

"அத எடுத்துட்டு நான் போயிட்டா இங்க யாரு பாக்குறது?"

அசைக்க முடியாத வாதம். வீரணன் நேரே அவரிடம் போனார். தாம்பாளத்தைப் பாண்டிராஜின் கைகளில் வைத்தார். "தாலி தம்பி. ரெண்டு கையாலயும் பிடிங்க. கீழ வச்சிராதீங்க."

தாலியை யார்தான் கீழே வைப்பார்கள்? பாண்டிராஜ் சிலையானார். வீரணனும் முத்துமீனாவும் தேங்காய்க்கடைக்காரரும் பைக்கை அலாக்காகத் தூக்கி ஓரத்தில் வைத்தார்கள். வேன் ஒதுங்கியது. மினி பஸ் நகர்ந்தது. கைகாட்ட ஆளில்லாததால் டிரைவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதுவே போதுமானதாக இருந்தது. மூன்று நிமிடத்தில் வீதி காலி.

வீரணன் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டு வெள்ளைக் கோட்டின் வழியே நடந்தார். ஏழு இருபத்தெட்டுக்குக் கெட்டிமேளம் கேட்டது.

பாண்டிராஜ் நெற்றியைத் துடைத்தார். "பாத்தியா முத்துமீனா? நான் மட்டும் இல்லாட்டி இன்னைக்கு ஒரு கல்யாணமே நின்னுபோயிருக்கும்."

சிரித்தாயிற்றா? நல்லது. நேற்று ஒருவர் வீதியைக் கடக்கக் காலெடுத்து வைத்தபோது, உங்கள் வண்டி வேகம் குறையவில்லை. உங்கள் இடது கை மட்டும் 'நில்லு' என்று அவரை நோக்கி நீண்டது. சின்ன விஷயம்தான். பாண்டிராஜும் அப்படித்தான் ஆரம்பித்தார்.