பள்ளிக்கூட வேனும் வடகரப்பதி அட்டைப்பூச்சியும்

வடகரப்பதி,
ஆனிக் கடைசி.

பெங்களூரில் இருக்கும் மரியாதைக்குரிய மாப்பிள்ளை அருள்குமார் அவர்களுக்கு, மாமனார் பொங்கியண்ணன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அத்தை பெரியம்மாளும் மாடு கன்றுகளும் சுகம். போர்வெல் மட்டும் சுகமில்லை. அங்கே நீங்களும் தமிழ்ப்ரியாவும் சுகமாகத்தான் இருப்பீர்கள். சுகமாக இருப்பவர்களுக்குத்தான் நீங்கள் எழுதுவது மாதிரியெல்லாம் எழுத வரும். இதைப் போனில் சொல்லலாமே என்று கேட்பீர்கள். போனில் சொன்னால் பாதியில் "சிக்னல் இல்லைங்க மாமா" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்துக்கு சிக்னல் வேண்டாம், கடைசி வரை படித்துத்தான் ஆக வேண்டும்.

கேரளத்துக்குள் கிடக்கும் நம் ஊர்த் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு வேன் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்த விஷயம். இங்கே பிள்ளைகள் தெருவில் வரிசையாகக் குடியிருக்கவில்லை. தோட்டத்துக்கு ஒரு சாளை வீடு, சாளைக்கு ஒன்றிரண்டு பிள்ளைகள். இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்தின் மஞ்சள் பஸ் தோட்டத்து கேட் வரைக்கும் வந்து ஹாரன் அடிக்கிறது. நம் பள்ளிக்கு வெயிலில் நடந்து வர வேண்டும். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்து ஆறாவது வேலை நாளில் சர்க்காரில் தலை எண்ணுவார்கள். அன்றைக்குத் தலை குறைந்தால் தமிழ் டிவிஷன் போச்சு, கோமதி டீச்சரின் வேலையும் போச்சு. அதற்குப் பிறகு இந்த ஊர்ப் பிள்ளைகள் தமிழை டிவியில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் பி.டி.ஏ. பிரசிடெண்ட். ஊரில் அத்தனை பேரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள்.

ஒரு அபேக்ஷை மனு எழுதிப் போட்டால் போதும் என்று நான் நினைத்திருந்தேன். ஐயா, வேன் இல்லை, பிள்ளைகள் வருவதில்லை, ஒரு வேன் கொடுங்கள், இப்படிக்கு பொங்கியண்ணன். இதற்கு மேல் இதில் எழுத என்ன இருக்கிறது? பொங்கல் நோம்பிக்கு வந்திருந்த நீங்கள் கட்டிலில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு சிரித்தீர்கள். "அப்படிக் கேட்டாத் தர மாட்டாங்க மாமா. ப்ரொபோசல் எழுதோணும். என்ற வேலையே அதுதானுங்களே" என்றீர்கள். பெண் கொடுத்து இத்தனை நாளாகியும் உங்கள் வேலை என்னவென்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. கொச்சியில் ஏதோ ஒரு அறக்கட்டளை பள்ளிக்கூடங்களுக்கு உதவுகிறது என்று சொல்லிவிட்டு என்னைக் கேள்வி கேட்க ஆரம்பித்தீர்கள். வேன் வந்தா என்ன ஆகும்? புள்ளைங்க வருவாங்க. அதனால? படிப்பாங்க. அதனால? "ஏனுங் மாப்ள, படிச்சா உங்களை மாதிரி ஆயிருவாங்க" என்றேன். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு டைப் அடித்தீர்கள். அதற்கு மாற்றத்தின் கோட்பாடு என்று பெயராம்.

நீங்கள் ஊருக்குப் போய் அனுப்பி வைத்த பிரதியை பி.டி.ஏ. கூட்டத்தில் கோமதி டீச்சர் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டோம். வேனைத் தேடித் தேடிக் களைத்துப் போனோம் மாப்பிள்ளை. கடைசியில் பட்ஜெட்டுக்கு அடியில் 'அணுகல் இடைவெளியை நிரப்பும் நடமாடும் தீர்வு' என்று ஒளிந்துகொண்டிருந்தது. டிரைவருக்குப் பெயர் போக்குவரத்து ஒருங்கிணைப்பாளர். பிள்ளைகளுக்குப் பெயர் பயனாளிகள். 'விளிம்புநிலைச் சமூகம்' என்று டீச்சர் வாசித்ததும் தென்னந்தோப்பு சிவப்பிரகாஷ் எழுந்துவிட்டான். "யாரைப் பாத்து விளிம்புங்கறீங்க? பஞ்சாயத்துக்கு நட்ட நடுவுல கெடக்குது என்ற தோப்பு!" அவனை உட்கார வைத்து, ஒரு டீ கொடுத்து, அது வெறும் இங்கிலீஷ்தான், நிஜமில்லை என்று சமாதானம் சொல்வதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. அதற்குள் டீச்சர் ஏழாம் பக்கத்துக்கு வந்துவிட்டார். காலைப் பனிமூட்டத்தில் நம் பிள்ளைகள் தேயிலைச் சரிவில் இறங்கி, காட்டு யானைக்குப் பயந்து, அட்டைப்பூச்சி கடித்த ரத்தக் காலோடு வகுப்புக்கு வருகிறார்களாம். வடகரப்பதியில்! மழைக்கு வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலிக்கிற இந்த ஊரில் அட்டைப்பூச்சி வந்தால் வந்த அன்றைக்கே காய்ந்து கருவாடாகிவிடும்.

உடனே உங்களுக்குப் போன் போட்டேன். "அது தேவிகுளத்துல ஒரு எஸ்டேட் பள்ளிக்கூடத்துக்கு எழுதுனதுங்க மாமா. அந்தப் பாரா ரொம்ப நல்லா வந்திருந்துச்சு, மாத்த மறந்துட்டேன். இதையே கொச்சிக்கும் அனுப்பியாச்சு" என்றீர்கள். நன்றாக இருக்கிறது என்பதற்காக அடுத்தவர் ஊர் யானையை ஓட்டிக்கொண்டு வந்து நம் தோட்டத்தில் கட்டுவார்களா? இதற்கு மேல் கேட்டால் மாப்பிள்ளையைக் கேள்வி கேட்கிறான் என்று ஊர் சொல்லும். வாயை மூடிக்கொண்டேன். வெட்கக்கேடு என்னவென்றால், கொச்சிக்காரர்கள் அந்தப் பாராவுக்குத்தான் மயங்கினார்கள். பங்குனியில் ஒரு ஆபீசரை நேரில் பார்க்க அனுப்புகிறோம் என்று மெயில் வந்தது.

அப்போது நீங்கள் சொன்ன ஒரே ஒரு யோசனை, "எதுவும் பண்ணாதீங்க மாமா, இருக்கறபடியே இருங்க" என்பதுதான். நல்ல யோசனைதான், ஆனால் எங்களுக்கு அது மட்டும் தெரியாது. ஒறம்பரை வருகிறது என்று காதில் விழுந்த பிறகு விருந்தாளி வாசலில் நிற்க இருக்கிறபடியே இருப்பது எந்த ஊர் வழக்கம்? பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடித்தோம். வாசலில் பந்தல் போட்டுத் தோரணம் கட்டினோம். பயனாளிகள் அத்தனை பேரும் நோம்பிக்கு எடுத்த பட்டுப்பாவாடையும் ஜரிகை வேட்டியுமாக வந்து நின்றார்கள். உங்கள் அத்தை விடிவதற்கு முன்பே நாட்டுக்கோழிகளைப் பிடித்துவிட்டாள். கொழிஞ்சாம்பாறையில் பஸ்ஸை விட்டு இறங்கும் ஆபீசரை அழைத்துவர ஒரு கார் போனால் போதும். ஆனால் சிவப்பிரகாஷ் கார் போனால் மற்றவர்களுக்கு மரியாதை என்ன ஆவது? கார் வைத்திருந்த எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். முன்னால் கார், பின்னால் கார், நடுவில் ஒரு காரில் ஒல்லியாக ஒரு பெண், மடியில் தோள்பை. பெயர் ஸ்ரீரஞ்சனி, கல்பாத்தி அக்கிரகாரத்துப் பெண். இறங்கிப் பந்தலைப் பார்த்தாள், தோரணத்தைப் பார்த்தாள், பட்டுப்பாவாடைகளைப் பார்த்தாள். "நமஸ்காரம் மாமா. இங்க கல்யாணம் ஏதாவது நடக்கறதா? நான் வேணும்னா வேற நாள் வரட்டுமா?" என்று கேட்டாள்.

அதோடு விட்டாளா? ஏழாம் பக்கத்தை விரித்துக்கொண்டு, "இந்த அட்டை எந்தப் பக்கமாக்கும்?" என்றாள். வெயில் மண்டையைப் பிளக்கிறது, காலடியில் புழுதி பறக்கிறது. "அது மழைக்காலத்துல வருமுங்க" என்றேன். என் வயதில் இப்படி ஒரு பொய். "யானை?" என்றாள். "அது கூப்பிட்டா வராதுங்க" என்று சிவப்பிரகாஷ் எனக்கு உதவி செய்தான். அவள் சிரிக்கவில்லை. எதையோ குறித்துக்கொண்டாள்.

இலை போட்டோம். கோழிக் குழம்பு வாசம் வந்ததுமே அவள் இலையை விட்டு எழுந்துவிட்டாள். "தப்பா நெனச்சுக்காதீங்கோ மாமி, நான் இதெல்லாம் சாப்பிடறதில்லை. ரெண்டு பழம் இருந்தாப் போறும்." உங்கள் அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "ஊருக்கு வந்த புள்ள பழத்தைத் தின்னுட்டுப் போறதா? நாங்கெல்லாம் செத்தா போயிட்டோம்?" அப்புறம் பார்க்க வேண்டுமே! தயிருக்கு ஒரு கார், அப்பளத்துக்குக் கொழிஞ்சாம்பாறைக்கு ஒரு கார், கல்யாண வீடுகளில் சைவச் சமையல் செய்கிற சாந்தம்மாளை அழைத்துவர ஒரு கார், சாந்தம்மாள் மறந்துவிட்டு வந்த கரண்டியை எடுத்துவர இன்னொரு கார். அந்தப் பெண் பந்தல் நிழலில் நின்றுகொண்டு இந்தப் போக்குவரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இத்தனை காரும் இந்த ஊர்க்காராளோடதா மாமா?" என்று கேட்டாள். என் புத்தியை என்ன சொல்ல? மீசையைத் தடவிக்கொண்டு, "இன்னும் நாலஞ்சு தோட்டத்துல நிக்குதுங்க அம்மணி" என்றேன். சாயங்காலம் வேண்டாம் வேண்டாம் என்று அவள் சொல்லச் சொல்ல டிக்கியில் ஒரு சாக்குத் தேங்காயையும் போட்டு, கல்பாத்தி வாசல் வரைக்கும் காரிலேயே கொண்டுபோய் விட்டோம்.

மே மாதம் பதில் வந்தது. 'உங்கள் சமூகத்திடம் போக்குவரத்து வளம் ஏற்கெனவே செழிப்பாக இருப்பதைக் களப்பார்வையில் கண்டு மகிழ்ந்தோம்' என்று ஒரு வரி. வேன் இல்லை என்று அடுத்த வரி. அதை மட்டும் சுற்றி வளைக்காமல் சொன்னார்கள். கொடுக்காதவர்களுக்கு எவ்வளவு தெளிவாக எழுத வருகிறது பாருங்கள். ஊரில் ஆளாளுக்கு என்னைப் பிடித்துக்கொண்டார்கள். அதற்குக்கூட நான் வருத்தப்படவில்லை. விஷயத்தைச் சொல்லப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். கோமதி டீச்சர் கேட்டுவிட்டு, விடுமுறையில் பெருக்குவதற்காகத் திறந்திருந்த வகுப்பில் பிள்ளைகள் எழுதிய ஆனா ஆவன்னாவைக் கரும்பலகையில் அழிக்காமலே ஜன்னல்களைச் சாத்தினார். மூன்றாம் வகுப்பு மௌனிகாவின் அப்பா மஞ்சள் பஸ்ஸுக்குச் சொல்லி வைத்துவிட்டாராம். அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது என்றே சொல்கிறேன், தமிழ்ப்ரியாவிடம் சொல்ல வேண்டாம்.

ராத்திரி பூராவும் அந்த அறக்கட்டளையைத் திட்டிக்கொண்டிருந்தேன். உங்கள் அத்தை பொறுக்க முடியாமல் கேட்டாள்: "அந்தப் புள்ள எழுதுனதுல என்னங்க தப்பு? ஒருத்திக்குச் சோறு போட அன்னைக்கு அத்தனை காரு ஓடுச்சு. நம்ம புள்ளைங்களைக் கூட்டியாரத்துக்கு ஒண்ணு ஓடாதா?" அடுத்த கூட்டத்தில் அதையே நான் கேட்டேன், என் சொந்த யோசனை மாதிரி. ஆளுக்கொரு பாதையை ஒப்புக்கொண்டார்கள். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்கு ஒவ்வொரு தோட்டத்துப் பாதையிலிருந்தும் ஒரு கார் வந்தது. சிவப்பிரகாஷின் புதுக் காரில் முன் சீட்டில் மௌனிகா உட்கார்ந்து வந்தாள். அவள் அப்பாவிடம் இவனே போய்ப் பேசியிருக்கிறான். ஆறாவது நாள் தலை எண்ணினார்கள். குறையவில்லை. டிவிஷன் தப்பித்தது. கோமதி டீச்சர் அன்றைக்கு எனக்கு வணக்கம் சொன்ன விதத்தில் என் வயது பாதியாகிவிட்டது.

ஆகையால் மாப்பிள்ளை அவர்களுக்குத் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், இனி இந்த ஊருக்காக நீங்கள் எந்த ப்ரொபோசலும் எழுத வேண்டாம். எவரிடமும் கையேந்த வேண்டிய அவசியம் எங்களுக்கு இல்லை. நல்ல ப்ரொபோசல் எழுதுவது எப்படி என்று பெங்களூரில் வகுப்பெல்லாம் எடுக்கிறீர்களாம், தமிழ்ப்ரியா பெருமையாகச் சொன்னாள். அங்கே என் பங்குக்கும் ஒன்று சொல்லிக்கொடுங்கள்: வேன் வேண்டுமென்றால் முதல் வரியில் வேன் வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். பிள்ளைகளைப் பிள்ளைகள் என்று எழுதச் சொல்லுங்கள். யானை எந்த ஊர் யானை என்று ஒரு தடவை பார்த்துவிட்டு அனுப்பச் சொல்லுங்கள். வகுப்புக்கு வந்தவர்கள் அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம்.

ஆடி நோம்பிக்கு நீங்களும் தமிழ்ப்ரியாவும் கட்டாயம் வந்து சேர வேண்டும் என்று நானும் உங்கள் அத்தையும் அழைக்கிறோம். லேப்டாப் மட்டும் வரக் கூடாது. அது இந்த வீட்டு வாசற்படியை மிதித்தால் நான் சும்மா இருக்க மாட்டேன். அங்காளம்மன் புண்ணியத்தில் உங்களுக்கு நோய் நொடி இல்லாமல், கை நிறையச் சம்பளமும் அதற்குத் தகுந்த வேலையும் அமைய வேண்டும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் மேல் மரியாதை குறையாத மாமனார்
பொங்கியண்ணன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் சில விஷயங்கள் நடந்துவிட்டன. சிவப்பிரகாஷின் புதுக் கார் சீட்டில் ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் வாந்தி எடுத்துவிட்டான். மற்ற கார்க்காரர்களுக்கும் டீசல் செலவு ஞாபகம் திடீரென்று வந்துவிட்டது. ஆவணி பிறந்தால் முகூர்த்தம், எல்லாக் காரும் கல்யாணத்துக்குப் போய்விடும், பிள்ளைகள் மறுபடி வெயிலில் நடப்பார்கள். இந்தச் சமயம் பார்த்து அந்த ஸ்ரீரஞ்சனி கோமதி டீச்சருக்குப் போன் செய்திருக்கிறாள். ஊரே சேர்ந்து கார் ஓட்டிய கதை அவள் காதுக்குப் போயிருக்கிறது. அப்படிப்பட்ட ஊர்களுக்குக் கொடுக்க வேறு ஒரு திட்டம் இருக்கிறதாம், புதிதாக ஒரு ப்ரொபோசல் வேண்டுமாம். "அட்டை மட்டும் வேண்டாம்னு மாமாகிட்ட சொல்லுங்கோ" என்றாளாம். எனவே லேப்டாப்போடு வாருங்கள், சார்ஜரையும் மறக்க வேண்டாம். எங்களை எவ்வளவு விளிம்புக்கு வேண்டுமானாலும் தள்ளி எழுதிக்கொள்ளலாம், வாந்தி எடுத்த பிறகு சிவப்பிரகாஷே சம்மதித்துவிட்டான். அவள் பார்க்க வருகிற அன்றைக்குக் கார்களையெல்லாம் தோப்புக்குள் நிறுத்தி ஓலை போட்டு மூடுவது என் பொறுப்பு. உங்கள் அத்தையைத்தான் என்ன செய்வது என்று தெரியவில்லை. அந்தப் பெண் மறுபடியும் வருகிறாள் என்று கேட்டதிலிருந்து அவள் வெங்காயம் சேர்ப்பாளா, பூண்டு சேர்ப்பாளா என்று ஊரெல்லாம் விசாரிக்கிறாள். சாந்தம்மாளிடம் சொல்லி வைக்கச் சற்று முன்புதான் ஒரு காரை அனுப்பியிருக்கிறாள்.