ஸ்டியரிங் ஏப்பம் விட்ட கதை

இனி என் காரில் இன்னொருத்தன் கை வைக்கக் கூடாது என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் சபதம் போட்டேன். பவர் ஸ்டியரிங் எண்ணெய்க் குழாய் ஒழுகுகிறது, மாற்ற ஒரு வாரம் ஆகும் என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். ஒரு குழாய்க்கு ஒரு வாரமா? நானே வாங்கினேன். நானே கழற்றினேன். நானே மாட்டினேன். எண்ணெயை ஊற்றி இன்ஜினைக் கிளப்பினேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. எனக்கு நானே கை கொடுத்துக்கொண்டேன்.

அவசரத்துக்குக் காரணம் என் மாமியார். முழங்கால் ஆபரேஷன் முடிந்து வியாழக்கிழமை வீட்டுக்கு வருகிறார். "எங்க மாப்பிள்ளை வண்டியிலதான் போவேன்" என்று நர்ஸ் வரைக்கும் சொல்லி வைத்திருந்தார். மகளுக்கு அடுத்தபடியாக அவர் என்னை நம்பி ஒப்படைப்பது அந்த முழங்காலைத்தான்.

திங்கட்கிழமை என் மனைவி வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

"ஏங்க, ஸ்டியரிங் பீரோவ நகர்த்துற மாதிரி கனக்குது. திருப்பினா வேற முனகுது."

"புதுக் குழாய். பழகுற வரைக்கும் முனகும்."

"கை வலிக்குதுங்க."

"உனக்குக் கையில தெம்பு இல்ல. ஒழுங்கா சாப்பிடு."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

"சரிங்க. தெம்பு வர்ற வரைக்கும் நீங்களே ஓட்டுங்க" என்று சாவியை என் கையில் வைத்தாள்.

கடை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, தையல்காரர், மறுபடியும் கடை. ஊரில் இத்தனை வளைவு இருப்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. புதன்கிழமை சாயந்திரம் சட்டைப் பொத்தானைக்கூட மகள்தான் கழற்றிவிட்டாள்.

டயரில் காற்று பார்த்தேன். சரியாக இருந்தது. பெல்ட்டை அழுத்திப் பார்த்தேன். விறைப்பாக இருந்தது. பம்ப்பே போய்விட்டதோ? மெக்கானிக்கிடம் போனால் மானம் போகும். போகாமல் இருந்து, நடு வளைவில் வண்டி திரும்பாமல் போனால்? தையல் போட்ட காலோடு அந்த அம்மா பின்சீட்டில்.

அன்று ராத்திரியே தகவல் வந்தது. மாமியாருக்குக் கால் வலி குறையவில்லையாம், சனிக்கிழமைதான் அனுப்புவார்களாம். மாமியாரின் வலிக்காகக் கடவுளுக்கு நன்றி சொன்ன மருமகன் உலகத்திலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

வெள்ளிக்கிழமை காலை பானட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றேன். மனைவி டீயோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, இந்த எண்ணெய் ஏன் இப்படி நுரைச்சு நிக்குது?"

"நல்ல எண்ணெய்னா நுரைக்கும்."

"ஓ! எனக்கென்னமோ நம்ம பொண்ணு கைக்குழந்தையா இருந்தது ஞாபகம் வருது. பால் குடிச்சதும் தோள்ல போட்டுத் தட்டுவோமே? ஏப்பம் வரலைன்னா முனகிட்டே கிடப்பா."

டீயை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்குப் பொறி தட்டியது. காற்று! குழாய் மாற்றும்போது புகுந்த காற்றை வெளியே எடுக்காமலே இன்ஜினைக் கிளப்பியிருக்கிறேன்.

"அடியே, கண்டுபிடிச்சிட்டேன்!"

"அப்படியா! உங்களுக்குத் தெரியாததா?" என்று ஓடி வந்தாள்.

ஜாக்கி போட்டு முன்சக்கரங்களைத் தூக்கி நிறுத்தினேன். அவள் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தாள்.

"இன்ஜினைக் கிளப்பாமதானே திருப்பணும்?"

"ஆமாமா, அதைத்தான் சொல்ல வந்தேன்."

இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மெல்லத் திருப்பினாள். எண்ணெய்த் தொட்டியில் குமிழ் குமிழாக வந்தது. மட்டம் இறங்க இறங்க நான் ஊற்றினேன். இருபது தடவை திருப்பியதும் குமிழ் நின்றது. கிளப்பினோம். முனகல் இல்லை. ஒற்றை விரலுக்கே திரும்பியது.

"எனக்குக் கையில தெம்பு வந்துடுச்சுங்க" என்றாள்.

குத்திக்காட்டுகிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். சிரிப்புதான் இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அவளைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. கும்பிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று ஆறிப்போன டீயைக் குடித்தேன்.

சனிக்கிழமை மாமியாரைப் பின்சீட்டில் காலை நீட்டி உட்கார வைத்து, ஒரு குலுக்கல் இல்லாமல் கூட்டி வந்தேன். வழியெல்லாம் மனைவி, "எல்லாம் இவரேதான் சரி பண்ணினார்மா" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒருத்தி கிடைக்க நான் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

வாசலில் வண்டியை நிறுத்தினேன். வீட்டுக் கதவைத் திறக்க மனைவி இறங்கிப் போனாள்.

"இப்போ கால் வலி எப்படி இருக்கு அத்தை?" என்று கேட்டேன்.

"எனக்கு ஏது மாப்பிள்ளை வலி? காத்து புகுந்திருக்குன்னு மெக்கானிக் திங்கக்கிழமையே அவகிட்ட சொல்லிட்டாராம். 'அவரே கண்டுபிடிச்சாதான்மா அவருக்கு மரியாதை, ரெண்டு நாள் வலிக்குதுன்னு சொல்லிப் படுத்துக்கோ'ன்னு உங்க வீட்டுக்காரிதான் சொன்னா!"