முழு வேகத்தில் நின்ற படகு

ஒரு குதிரையை உண்டாக்க இயற்கைக்குப் பதினோரு மாதம் ஆகிறது. ஐந்து குதிரைகளை இல்லாமல் ஆக்க ஆற்றுப் போக்குவரத்து அலுவலகத்துக்கு ஒரு முற்பகல் போதுமானதாக இருந்தது. இயற்கை இன்னும் நிறையக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அந்தச் சாதனைக்கான ஆணையைத் தட்டச்சு செய்தவள் அக்கா. அலுவலகத்தில் கடைநிலை ஊழியர் வரை எல்லோருக்கும் அவள் அக்காதான். உண்மையில் அக்காவாக இருந்தது ஒருவனுக்கு மட்டும்: மீட்புப் படகு ஓட்டிய தம்பிக்கு.

படகுத்துறையில் இரண்டு படகுகள் நின்றன. ஒன்று கண்காணிப்பாளர் ஆற்றைப் பார்வையிடுவதற்கு. இன்னொன்று ஆற்றில் விழுந்தவர்களைத் தூக்குவதற்கு. இரண்டின் பின்புறத்திலும் ஒரே நாளில் வாங்கிய, ஒரே அளவு மோட்டார். இரண்டுக்கும் பதினைந்து குதிரைத்திறன். எல்லாம் ஒழுங்காக இருந்ததால் அலுவலகத்துக்குச் சந்தேகம் வந்தது. பத்துக்கு மேற்பட்ட குதிரைத்திறனை முதல்நிலை ஓட்டுநரே இயக்க வேண்டும் என்றது விதி. தம்பி இரண்டாம் நிலை. அவனுடைய பதவி உயர்வுக் கோப்பு நான்கு ஆண்டுகளாக ஆடும் பீரோவின் காலுக்கடியில் இருந்து, பீரோவை ஆடாமல் காத்து வந்தது.

ஆளை உயர்த்தலாம், அல்லது மோட்டாரைத் தாழ்த்தலாம். கோப்பை எடுத்தால் பீரோ ஆடும். கண்காணிப்பாளர் ஆழ்ந்து யோசித்து மெக்கானிக்கை வரவழைத்தார்.

"ரெண்டும் ஒரே மோட்டார் சார். ஒரே சிசி. இதைப் போய் எப்படிப் பத்தாக்குறது?"

"கம்பெனிக்காரன் மட்டும் எப்படிப்பா பண்றான்? ஒரே சிசியில பத்தும் விக்கிறான், பதினஞ்சும் விக்கிறானே!"

"கார்புரேட்டர் பக்கத்துல, சின்ன ஓட்டை போட்ட ஒரு தகடு வச்சிடுவான் சார். காத்து கம்மியாப் போகும், பெட்ரோல் கம்மியாப் போகும், சுத்து குறையும். வயிறு அதேதான், தொண்டையை நெரிச்சு விடுறான்."

"அப்ப நீயும் நெரி."

"வெள்ளம் வந்தா என்ன சார் பண்றது?"

"வெள்ளத்துக்கு விதி தெரியாதுய்யா. நமக்குத் தெரியும்ல?"

ஒரு நாணயத்தின் அகலமே உள்ள தகடு உள்ளே போனது. '15' என்ற ஸ்டிக்கரை உரித்துவிட்டு '10' ஒட்டினார்கள். ஆணையை அக்கா அடித்துக் கொண்டுபோய் வைத்தாள். அவள் அடித்த எதையும் கண்காணிப்பாளர் இருபத்திரண்டு ஆண்டுகளில் படித்ததில்லை. ஊழியர்மீது அவ்வளவு நம்பிக்கை.

"பிழை ஒண்ணும் இல்லையே?" என்றார் பேனாவைத் திறந்துகொண்டே.

"இல்ல சார்."

மதியம் தம்பி வந்து அவள் டிபன் டப்பாவில் கைவிட்டான். "நீதான் டைப் அடிச்சியாமே?"

"சொன்னாங்க, அடிச்சேன்டா."

"சரி விடுக்கா. அஞ்சு குதிரைக்கு லீவு குடுத்துட்டீங்க. மிச்சத்தை நான் மேய்ச்சுக்கிறேன்." பாதிச் சாப்பாடு அவனுக்குப் போனது. அவள் திட்டினாள். வழக்கம்தான்.

அந்த ஆண்டு வெள்ளம் விதியைப் படிக்காமலே வந்தது. காலை பத்து மணிக்கு மணல் படகு ஒன்று கவிழ்ந்து மூவர் தண்ணீரில் விழுந்தார்கள். பதினைந்து குதிரைப் படகு தார்ப்பாய் போர்த்திக்கொண்டு துறையில் இருந்தது. அதன் முதல்நிலை ஓட்டுநர் 'அவசரக்காலத் தயார்நிலை' குறித்த பயிற்சிக்குப் போயிருந்தார். தம்பி தன் படகில் போய் இருவரைக் கரைசேர்த்தான். மூன்றாமவரையும் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, பாலத்தடியில் நீரோட்டம் பிடித்துக்கொண்டது. மோட்டார் அலறியது. படகு முன்னேயும் போகவில்லை, பின்னேயும் போகவில்லை. ஏழு நிமிடம் முழு வேகத்தில் நின்றது. நிர்வாகத்தில் இது நெடுநாள் பழக்கம்; ஆற்றில் அதுவே முதல்முறை.

எட்டாவது நிமிடம் ஒரு மரம் மிதந்து வந்தது. மரத்துக்கு யாரும் தகடு வைத்திருக்கவில்லை. மூன்றாமவர் பாலத்தூணைப் பிடித்துப் பிழைத்தார். தம்பியின் கைக்குத் தூண் எட்டவில்லை.

பதினாறாம் நாள் விசாரணைக் குழு கூடியது. விஷயம் அவரைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது என்பதால் கண்காணிப்பாளரே தலைவர். குறிப்பெடுக்க அக்கா. குறிப்பெடுப்பவர் பேசக்கூடாது, பேசினாள்.

"அந்தத் தகடு இல்லேன்னா ஏறி வந்திருப்பானா?"

மெக்கானிக் தரையைப் பார்த்தார். "வந்திருப்பான்க்கா."

"அது அனுமானம். குறிப்புல வேண்டாம்," என்றார் கண்காணிப்பாளர். "ஓட்டுநர் மோட்டாரின் திறனை மிகையாக மதிப்பிட்டார்னு அடிம்மா."

"அவனுக்கு அதோட திறன் நல்லாத் தெரியும் சார்."

"தெரிஞ்சே போனான்னா அது இன்னும் பெரிய தப்பாச்சேம்மா! உன் தம்பியாச்சேன்னுதான் தெரியாமப் போனான்னு எழுதச் சொல்றேன்."

குழு அந்தப் பெருந்தன்மையை மேசை தட்டி ஏற்றது.

"படகு?" என்றாள் அக்கா.

"ரிப்பேர் பார்த்தாச்சு. திங்கக்கிழமை புது ஓட்டுநர் வர்றார். புள்ளகுட்டிக்காரர், பொறுப்பா ஓட்டுவார்."

"அந்தத் தகடு?"

"விதிப்படிதானே இருக்கு? அது பாட்டுக்கு இருக்கட்டும்."

அக்கா தன் இடத்துக்குப் போய்க் காகிதத்தைச் செருகினாள். வழக்கமாகப் பத்து நிமிட வேலை. அன்று ஒரு மணி நேரம் ஆனது. ஒவ்வொரு எழுத்தையும் பார்த்துப் பார்த்து அடித்தாள்.

'விபத்துக்கு ஓட்டுநர் காரணம் அல்லர். மோட்டாரில் வைக்கப்பட்ட தகடே காரணம். அதை வைக்க ஆணையிட்டவர் கீழே கையொப்பமிட்டுள்ள கண்காணிப்பாளர். அந்த ஆணையை ஒரு கேள்வியும் கேட்காமல் தட்டச்சு செய்தவர், இதைத் தட்டச்சு செய்பவர். தகட்டை இன்றே கழற்றுமாறு மெக்கானிக்குக்கு இதன்மூலம் ஆணையிடப்படுகிறது. நகல்: தலைமை அலுவலகம்.'

கொண்டுபோய் வைத்தாள். கண்காணிப்பாளர் பேனாவைத் திறந்தார். ஊழியர்மீது வைத்த நம்பிக்கை இம்மியும் குறையாமல், மூன்று பிரதிகளிலும் வளைத்து நெளித்துக் கையெழுத்திட்டார்.

"பிழை ஒண்ணும் இல்லையே?"

"இல்ல சார்," என்றாள் அக்கா. "இந்தத் தடவை இல்ல."