கடைசிப் பக்கத்து நாற்காலி

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு, மூத்த மாப்பிள்ளை பணிவன்புடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மகளும் சௌக்கியம். அங்கே நீங்களும், அறுவைச் சிகிச்சை முடிந்த உங்கள் வலது கண்ணும், அதற்குத் துணையான இடது கண்ணும், அத்தையும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம்.

ஆஸ்பத்திரியில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியவன் நான். வரவில்லை. இளைய மாப்பிள்ளை வந்து உட்கார்ந்து நல்ல பெயரைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். நான் கூப்பிட்டால் நீங்கள் பேசாமல் போனை அத்தையிடம் தள்ளிவிடுவது நியாயம்தான். ஆனால் நடந்ததை முழுதாகக் கேட்டால் உங்கள் வருத்தம் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் இந்தக் கடிதம்.

எங்கள் கம்பெனி பழைய சாமான்களை இணையத்தில் விற்கிறது. அதில் தேடல் என் பொறுப்பு. நீங்கள் ஒரு சொல்லைத் தட்டினால் ஒரே கணினி தேடுவதில்லை, மாமா. சரக்கு விவரங்களைக் கூறு போட்டுப் பல கணினிகளில் வைத்திருக்கிறோம். அந்தக் கணினிகள் ஆளுக்கு ஒரு பங்கைத் தேடித் தங்களில் ஒருவரிடம் கொடுக்க, அவர் சேர்த்து உங்களிடம் நீட்டுவார். குடும்பத்தோடு வெளியே கிளம்புகிற கதைதான். ஒருவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தால் எல்லாரும் வாசலில் நிற்க வேண்டும். சில மாதங்களாக இந்தத் தேடல் எங்கள் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது. எப்போதும் மெதுவாக இருந்தாலாவது பழகிக்கொள்ளலாம். திடீரென்று மூச்சு வாங்கும், ஆளாளுக்குப் புகார் வரும், நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தால் பரம சாதுவாக ஓடிக்கொண்டிருக்கும். இதைச் சரிசெய்யாவிட்டால் என் இடத்துக்கு வேறு ஆளைப் பார்க்க வேண்டிவரும் என்று மேலாளர் சொல்லாமல் சொல்லிவிட்டார்.

என்னோடு வேலை செய்யும் தாடிக்காரர் சோதித்துப் பார்ப்பதற்கு எப்போதும் ‘மேசை’ என்றே தட்டுவார். கேட்டதையே கேட்டால் கணினி பழைய பதிலை மனப்பாடமாக ஒப்பித்துவிடும். கேள்வித்தாளைக் கையில் கொடுத்துவிட்டுப் பரீட்சை வைத்த மாதிரி ஒவ்வொரு தடவையும் நூற்றுக்கு நூறு. பிறகு மேலாளர் எல்லாவற்றையும் அணைத்துப் போடச் சொன்னார், போட்டோம், அரை நாள் நன்றாக ஓடியது, ஒருவருக்கொருவர் கை குலுக்கினோம், கை காய்வதற்குள் மறுபடி படுத்துக்கொண்டது. சூடுதான் காரணம் என்று அறையைக் குளிர்வித்தோம்; கணினிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, தாடிக்காரருக்கு ஜலதோஷம் பிடித்தது. கடைசியில் ஒரு பாவப்பட்ட கணினிமேல் பழியைப் போட்டு அதைத் தூக்கிவிட்டுப் புதிது வைத்தோம். மறுநாளிலிருந்து தேடல் பறந்தது; ஆனால் தூக்கிப்போட்ட கணினியைச் சோதித்தால் அதில் ஒரு கோளாறும் இல்லை. உங்களுக்கு ஆபரேஷன் நடந்த வாரம் அது.

பெட்டி கட்டி வைத்துவிட்டுத்தான் லீவு கேட்டேன், மாமா. மேலாளர் என்னை உட்கார வைத்துச் சொன்னார்: "கெட்டுப்போச்சுன்னா காரணம் கண்டுபிடிச்சிரலாம். இப்ப நல்லா ஓடுதே, ஏன் ஓடுதுன்னு யாருக்காவது தெரியுமா? தெரியற வரைக்கும் யாரும் நகரக் கூடாது." நீங்கள் கண்ணில் கட்டோடு படுத்திருக்க, நான் இங்கே நன்றாக ஓடுகிற கணினியைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் வீடு திரும்பிக் கொஞ்ச நாளில் பழையபடி ஆரம்பித்துவிட்டது. இந்தத் தடவை கணினிகளை விட்டுவிட்டு, தேடல் திணறும் நேரத்தில் யார் எதைத் தேடுகிறார்கள் என்று பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரே ஆள். ‘நாற்காலி’ என்று தட்டுகிறான். முதல் பக்கத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய், அங்கிருந்து ஒவ்வொன்றாகப் பின்னால் வருகிறான். முதல் பக்கம் கேட்டால் ஆளுக்கு நாலு நாற்காலியை நீட்டினால் வேலை முடிந்தது. கடைசிப் பக்கம் கேட்டால் ஒவ்வொரு கணினியும் தன்னிடமுள்ள அத்தனை நாற்காலியையும் சுமந்துவந்து ஒருவர் தலையில் கொட்ட, அவர் எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி, கடைசி நாலை மட்டும் காட்டிவிட்டு மீதியைக் கடாசவேண்டும். அதுவரை மற்றவர்களெல்லாம் காத்துக்கிடக்க வேண்டியதுதான். இப்படியும் ஒரு பிறவி இருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இரண்டாம் பக்கத்தை நாங்களே பார்த்தது கிடையாது.

போட்டிக் கம்பெனிக்காரன் ஏவிவிட்ட ஆள் என்றார் தாடிக்காரர். வேலைவெட்டி இல்லாத, வீட்டில் யாரும் பேச்சுக் கொடுக்காத ஆசாமியாக இருக்கும் என்றேன் நான். ‘நாற்காலிக்காரன்’ என்று பெயர் வைத்து, ஆசைதீரத் திட்டிவிட்டு, நேற்று அவனை உள்ளேயே வரமுடியாதபடி தடுத்துவிட்டேன். அதிலிருந்து தேடல் கண்ணை மூடித் திறப்பதற்குள் பதில் சொல்கிறது. செவ்வாய்க்கிழமை மேலாளர் அதை முதலாளிக்குக் காட்டுகிறார். அது முடிந்ததும் எனக்கு லீவு. அந்த வாரமே வந்து உங்கள் பக்கத்தில் உட்காருவேன்.

அத்தைக்கு என் வணக்கம். சொட்டு மருந்தை வேளை தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் ஆசியை எதிர்பார்க்கும்,
மூத்த மாப்பிள்ளை.

பின்குறிப்பு: உறையில் போடுவதற்கு முன் உங்கள் மகளிடம் படிக்கக் கொடுத்தேன். நாற்காலிக்காரன் வந்த இடத்தில் சிரிக்க ஆரம்பித்தவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அது எங்கப்பாங்க," என்றாள். "உங்களுக்கு முதுகு வலிக்குதுன்னு நான்தான் சொன்னேன். ஆபரேஷன் வாரம் தவிர தினமும் தேடறார். கடைக்காரன் முன்னால அடுக்கறதெல்லாம் தள்ளிவிடறதுக்கு, நல்ல சரக்கு உள்ளதான் இருக்கும்னு கடைசியிலேர்ந்து வர்றார். கோபம் கோபமா இருக்கட்டும், முதுகு வேற விஷயம்னாராம். நேத்திலேர்ந்து உள்ளேயே போக முடியலையாம். மாப்பிள்ளை கம்பெனியை மூடிட்டாங்களோன்னு அம்மாவைப் போட்டுத் துளைச்சிட்டிருக்கார்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை, மாமா. உங்கள் கண் கட்டியிருந்ததால்தான் எங்கள் தேடல் ஓடியிருக்கிறது. அது ஏன் ஓடுகிறது என்று காவல் காத்துக்கொண்டு நான் உங்களிடம் வராமல் இருந்திருக்கிறேன். கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்றால் உங்கள் மகள் கையிலிருந்து பிடுங்க முடியவில்லை; அப்படியே அனுப்பியே தீர வேண்டுமாம். தடையை இப்போதே எடுத்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை ஒருநாள் மட்டும் முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மற்ற நாளெல்லாம் தாராளமாகக் கடைசியிலிருந்தே வாருங்கள். கை வைத்த நாற்காலியாகவே பாருங்கள், மாமா.