காயாத கறுப்பு

"இன்னும் காயல" என்றான் முத்திருளன். கறுத்துப்போன கட்டைவிரலை மனைவியின் முகத்துக்கு நேரே நீட்டினான். "முழுசா ஒரு நாள் ஆச்சு. கலப்படம். சுத்தக் கலப்படம்."

தமிழ்வாணி குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். "விரல அங்கிட்டு கொண்டு போங்க. பாப்பா சட்டையில பட்டுரும்."

முத்திருளன் பள்ளிக்கூடத்தில் ஓவிய வாத்தியார். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் காத்துக் கிடக்கும் எட்டுப் பேரை லினோ என்ற மெத்தென்ற தகட்டில் செதுக்கி, கையாலேயே அச்சடித்து, கையாலேயே தைத்துப் பன்னிரண்டு பிரதி புத்தகம் போடுகிறான். சனிக்கிழமை கண்காட்சியில் அவனுக்கென்று தனி மேசை. அழைப்பிதழில் பெயர்கூட வந்துவிட்டது. பத்து வருஷமாகப் பிள்ளைகளுக்கு ஆப்பிள் வரையச் சொல்லிக்கொடுத்தே அலுத்தவனுக்கு அந்த மேசைதான் இப்போது உயிர்.

மையைத் தேர்ந்தெடுக்கவே ஒரு மாதம் அலைந்திருந்தான். தண்ணீரில் கரையும் மை, மதுரை வெயிலுக்குத் தாளைத் தொடும் முன்பே கண்ணாடிப் பலகையில் காய்ந்து அப்பளமானது. இன்னொரு மை ரெக்சின் பை மாதிரி மினுங்கித் தொலைத்தது. கடைசியில் தெற்கு மாசி வீதிப் பக்கத்துச் சந்து ஒன்றில், சேக் மைதீன் கடையில், ஆளிவிதை எண்ணெய் சேர்த்த கறுப்பு மை கிடைத்தது. பிளாஸ்டிக் தாளில் மடித்துக் கொடுத்த சாம்பிளை அடித்துப் பார்த்தான். மறுநாளே கல்லாகக் காய்ந்தது.

அங்கே மையை நிறுத்துத்தான் தருவார்கள்; பாத்திரம் நாம்தான் கொண்டுபோக வேண்டும். கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் டப்பா ஜோடியில் ஒன்றைத் தமிழ்வாணி ஏற்கெனவே குழந்தைச் சாமானுக்கு எடுத்துக்கொண்டிருந்தாள். மற்றதை நிரப்பி வந்து, குழந்தை கைக்கு எட்டாத மேல்தட்டில், அதன் ஜோடிக்குப் பக்கத்திலேயே அவனே பத்திரமாக வைத்தான். திங்கட்கிழமை எடுத்து அச்சடித்தான். இன்று செவ்வாய்.

கடைக்குப் போன் போட்டான். "சாம்பிளுக்கு நல்லதக் குடுத்துட்டு, டப்பாவுல வேற எதையோ அள்ளிப் போட்டு ஏமாத்துறீங்களா?"

"நம்ம கடையில அந்தப் பேச்சே கிடையாது சார்" என்றார் சேக் மைதீன் நிதானமாக. "காத்தாட விடுங்க."

காத்தாட விட்டான், மின்விசிறியை ஐந்தில் வைத்து. தாள்கள் எழும்பிப் பறந்தன. ஒன்று சுவரில் ஒட்டியது, ஒன்று பீரோவில் ஒட்டியது. சட்டையில்லாமல் அவற்றைத் துரத்திப் பிடித்துவிட்டு நின்றவனைத் தமிழ்வாணி ஏற இறங்கப் பார்த்தாள்.

"முதுகுல உங்க பஸ் ஸ்டாண்டு ஆளு ஒருத்தர் துண்டை விரிச்சுப் படுத்திருக்காரு."

"சிரிக்காத. என் மானம் போகுது."

"நான் எங்க சிரிச்சேன்? பாப்பாவுக்குக் காலையில வச்ச பொட்டு, குளிப்பாட்டியும் அப்படியே இருக்குங்க. என்னன்னு கொஞ்சம்..."

"இங்க பன்னெண்டு புத்தகம் காயாமக் கெடக்கு. நீ பொட்டப் பத்திப் பேசுற."

புதன்கிழமை தாள்களை மொட்டைமாடி வெயிலில் காயப் போட்டான். மை காயவில்லை. எண்ணெய்தான் சூட்டில் பிரிந்து தாளில் ஊறியது. எட்டுப் பயணிகளின் தலையைச் சுற்றியும் மஞ்சளாக ஒளிவட்டம். கோபத்தில் குழந்தையின் பவுடர் டப்பாவை எடுத்து எல்லார் மேலும் தட்டினான். அதோடு அவர்கள் திருநீறும் பூசிக்கொண்டார்கள். உசிலம்பட்டி பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் நேரே கைலாசத்துக்குக் கிளம்பியது போலிருந்தது.

"நல்லாத்தான இருக்கு. சாமியார் புத்தகம்னு பேர மாத்திருங்க" என்றாள் தமிழ்வாணி.

முத்திருளனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மாத உழைப்பு, மிச்சமிருப்பதோ ஒரே ஒரு கட்டுத் தாள், கண்காட்சிக்கோ மூன்றே நாள். கேட்பாரில்லை என்ற தைரியத்தில்தானே வியாபாரிகள் இப்படி ஆடுகிறார்கள்? இவனைச் சும்மா விடக்கூடாது. நாளைக்கு நாலு பேர் முன்னால் நாக்கைப் பிடுங்குகிற மாதிரிக் கேட்டுவிடுவது என்று முடிவுசெய்தான்.

வியாழக்கிழமை டப்பாவும் கையுமாகக் கிளம்பினான். தமிழ்வாணியும் குழந்தையோடு ஆட்டோவில் ஏறினாள்.

"நீ எதுக்கு?"

"டாக்டர்ட்டப் போகணும். கண்ணுல மை வைக்காதீங்கன்னு அவரு சொன்னாருன்னுதான் டப்பாவுல காச்சி வச்ச மையக் கன்னத்துல மட்டும் பொட்டா வச்சேன். மூணு நாளாச் சோப்புப் போட்டும் போகல. எனக்குப் பயமா இருக்கு."

"முதல்ல அந்தக் கடைக்காரரு, அப்புறம் டாக்டரு."

கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அதைத்தான் முத்திருளனும் எதிர்பார்த்தான். டப்பாவை மேசைமேல் ணங்கென்று வைத்தான்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. மறுநா கல்லாட்டம் காயும்னு சொல்லி இவரு குடுத்த மை. நாலு நாளாச்சு, இன்னும் கையில ஒட்டுது. என் புத்தகம் நாசம். நாளன்னிக்குக் காலி மேசைக்குப் பின்னாடி நான் உக்காரணுமா? நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகாம விடமாட்டேன்."

சேக் மைதீன் டப்பாவைத் தன் பக்கம் இழுத்தார். மூடியைத் திறந்து, துளி மையை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தார். முகர்ந்தார்.

"இது நம்ம மை இல்ல சார். விளக்கெண்ணெ வாசம் அடிக்குது. வீட்டுல காச்சுற கண்மை இது. ஆயுசுக்கும் காயாது."

"கேட்டீங்களா? அவரு வாயாலயே ஒத்துக்கிட்டாரு" என்று கூட்டத்தைப் பார்த்தான் முத்திருளன். "காசு வாங்கிக்கிட்டுக் கண்மைய நிறுத்துக் குடுத்திருக்காரு. அப்ப எனக்குச் சேர வேண்டிய மை எங்க? அதச் சொல்லுங்க முதல்ல."

சத்தத்துக்கு மிரண்டு குழந்தை அழுதது. தமிழ்வாணி அதைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் வந்தாள். சேக் மைதீன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குழந்தையின் கன்னத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். விரலைத் துணியில் துடைத்துவிட்டு, அந்தப் பொட்டின் மேல் மெல்லத் தேய்த்தார். விரலைத் திருப்பி முத்திருளனிடம் காட்டினார். துளிகூட ஒட்டவில்லை.

"இந்தா இருக்கு சார் உங்க மை. சொன்ன மாதிரியே கல்லாட்டம் காஞ்சிருக்கு."