பதிமூன்று புள்ளி நான்கு

நிறைகுடம் தளும்பாது என்று சொல்லிவைத்த முன்னோர்கள் குடத்தை மட்டுமே பார்த்தவர்கள். எங்கள் அலுவலகத்துப் பாட்டரியைப் பார்க்கும் பேறு வாய்த்திருந்தால், குடத்தைக் கவிழ்த்துவைத்துவிட்டு இதைப் பற்றியே நாலு பழமொழி சொல்லியிருப்பார்கள். நிர்வாகத் திறமை என்றால் என்ன என்று கேட்கப்போகும் வருங்காலத் தலைமுறைக்காக அதன் வரலாற்றை எழுதிவைக்கிறேன். அதன் வோல்ட்டை அளக்கும் பொறுப்பு என்னுடையது. ஆகவே எழுதும் தகுதியும் என்னுடையதே.

எங்களுடையது கோழிக்குஞ்சு பொரிப்பு வளர்ச்சி அலுவலகம். கோழி வளர்ப்பவர்கள் முட்டைகளைக் கொண்டுவந்து கொடுத்தால், இன்குபேட்டர் என்ற பெட்டியில் மூன்று வாரம் சூட்டில் வைத்துக் குஞ்சாகத் திருப்பிக் கொடுப்போம். வாசல் பலகை அப்படித்தான் சொல்கிறது. ஆனால் கரண்ட் நினைத்தபோது வரும், நினைக்காதபோது போகும். போனால் பெட்டி ஆறிவிடும், ஆறினால் முட்டைக்குள் இருக்கும் உயிர் தாங்காது. அதற்காகத்தான் பழைய ஆசிட் பாட்டரியைத் தூக்கிப் போட்டுவிட்டு 'லித்தியம் அயர்ன் பாஸ்பேட்' என்ற புது ரகத்தை வாங்கினார்கள். அந்தப் பெயரை எங்கள் இயக்குநர் நடுவில் மூச்சு விடாமல் சொல்லப் பழகினார். திட்டத்தின் முதல் வெற்றி அது.

அந்தச் சமயத்தில்தான் என் அக்கா ஒரு கூடை முட்டையோடு வந்தாள். அவள் வீட்டுக் கூண்டுக்குள் நாய்கள் புகுந்து கோழி ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை. அவற்றின் மிச்சம் இந்த முட்டைகள்தான்.

"இது பொரிஞ்சாத்தான்டா தம்பி எனக்குத் திரும்பக் கோழி. இல்லேன்னா வெறும் கூண்டைப் பாத்துக்கிட்டு உக்கார வேண்டியதுதான்."

"கவலைப்படாதேக்கா. பாட்டரி இருக்கு" என்றேன்.

அன்று நான் பாட்டரியை அளந்தபோது சார்ஜர் ஓடிக்கொண்டிருந்தது. மீட்டர் பதினான்கு புள்ளி நான்கு என்றது. சுவரில் பழைய ஆசிட் பாட்டரியின் அட்டவணை தொங்கியது. அதன் கணக்கில் பன்னிரண்டு புள்ளி ஏழுக்கே பாட்டரி நிறைந்துவிடும். இயக்குநர் மீட்டரைப் பார்த்தார், அட்டவணையைப் பார்த்தார், பிறகு அட்டவணைக்கு மேலே இருந்த வெறும் சுவரைப் பார்த்தார்.

"நூத்தி நாப்பது சதவீதம்னு அனுப்புங்க."

"நூறுக்கு மேல நிறையுமா சார்?"

"நிறைஞ்சிருக்கே. நீங்க எண்ணை நம்பலேன்னா வேற எதை நம்புவீங்க?"

தலைமை அலுவலகம் பாராட்டு அனுப்பியது. வயிறெரிந்தது பக்கத்து அலுவலகத்து இயக்குநருக்கு. அதே பாட்டரி அவரிடமும் இருந்தது, பாவம், அவர் நூறைத் தாண்டவில்லை. "அங்க மட்டும் எப்படி?" என்று அவர் மேலே போட்டுக்கொடுக்க, விளக்கம் கேட்டு உத்தரவு வந்தது. கூட்டம் கூடினோம். பாட்டரிக் கம்பெனி என்ஜினியரைப் போனில் பிடித்து, சத்தமாக வைத்து, மேஜை நடுவில் கிடத்தினோம்.

"சார்ஜர் ஓடுறப்போ அளந்தா ஏத்திக் காட்டும் சார். இன்குபேட்டர் ஓடுறப்போ அளந்தா இறக்கிக் காட்டும். ரெண்டையும் கழட்டிட்டு, பாட்டரிக்கு ஓய்வு குடுத்துட்டு அளங்க. அதுதான் உண்மையான எண்" என்றார் என்ஜினியர்.

"எவ்வளவு ஓய்வு?"

"அரை மணி குடுத்தா பரவாயில்ல. ரெண்டு மூணு மணி நேரம் விட்டா இன்னும் நல்லது."

"அதாவது, ஓய்வு கூடக்கூட உண்மையும் கூடும்."

"அப்படியும் சொல்லலாம் சார். ஆனா..."

எங்கள் கூட்டங்களில் 'ஆனா'வுக்குப் பிறகு யாரும் காது கொடுப்பதில்லை. இருந்தாலும் என்ஜினியர் விடவில்லை. "நல்லா நிறைஞ்சு ஓய்வுல இருந்தா பதிமூணு புள்ளி நாலு காட்டும். பாதி தீர்ந்தாலும் பதிமூணு புள்ளி ஒண்ணு காட்டும். நடுவுல எண் அசையவே அசையாது சார். பதிமூணுக்குக் கீழ போச்சுன்னா அப்புறம் சரசரன்னு இறங்கிடும். அதனால வோல்ட்டை மட்டும் வச்சு எவ்வளவு இருக்குன்னு சொல்ல முடியாது. உள்ள போற கரண்டையும் வெளிய போற கரண்டையும் எண்ணுற மீட்டர் ஒண்ணு இருக்கு, அதை மாட்டிக்கிட்டீங்கன்னா..."

"நல்லா இருக்கிற ஒரு எண்ணை இன்னொரு எண்ணை வச்சு எதுக்குச் சந்தேகப்படணும்?" என்று இயக்குநர் போனை வைத்தார். அவர் முகம் வெளுத்திருந்தது. புள்ளி மூன்று குறைவதற்குள் பாதிப் பாட்டரி போய்விடும் என்ற செய்தி அவரை உலுக்கிவிட்டது. சொத்தில் பாதியைப் பறிகொடுத்தவர் போல உட்கார்ந்திருந்தார்.

பிறகு எழுந்தார். நிர்வாகிகள் பிறப்பதில்லை, இப்படித்தான் எழுகிறார்கள்.

"இனிமே புள்ளி ஒண்ணு கூடக் குறையக் கூடாது."

அன்றே பாட்டரியை முழுக்க நிறைத்து, சார்ஜரைக் கழற்றி, இன்குபேட்டரையும் கழற்றி நேரடியாகக் கரண்டில் மாட்டிவிட்டு, பாட்டரியைத் தனி அறையில் வைத்தோம். ஜன்னலுக்குத் திரை போட்டோம். கதவில் 'அமைதி. பாட்டரி ஓய்வில் உள்ளது' என்ற பலகை ஏறியது. அந்தப் பக்கம் போகிறவர்கள் நுனிக்காலில் நடந்தார்கள். இத்தனை வருட சர்வீஸில் எனக்கு ஒரு மதியம்கூட இப்படிப்பட்ட ஓய்வு கிடைத்ததில்லை. அதற்காக நான் பொறாமைப்படவில்லை. என்னை யாரும் அளப்பதில்லையே.

காலையில் அளந்தேன், பதிமூன்று புள்ளி நான்கு. மாலையிலும் அதே. தலைமை அலுவலகம் அசந்துபோனது. மற்ற அலுவலகங்களில் எண் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அங்கெல்லாம் பாட்டரியைப் பயன்படுத்துகிறார்களாம், என்ன ஒழுங்கீனம்.

ஒரு மதியம் கரண்ட் போனது. பழக்கதோஷம், ஓடிப்போய் இன்குபேட்டரைப் பாட்டரியில் மாட்டிவிட்டேன். மீட்டர் பதிமூன்று புள்ளி இரண்டுக்கு இறங்கியது. இயக்குநர் என்னைவிட வேகமாக ஓடிவந்து பிடுங்கிவிட்டார்.

"யாரைக் கேட்டு மாட்டினீங்க?"

"கரண்ட் போயிடுச்சு சார்."

"கரண்ட் போனா பாட்டரியும் போகணுமா?"

நல்லவேளை, அன்று கரண்ட் சீக்கிரமே திரும்பிவிட்டது. பாட்டரியும் சற்று நேரத்தில் பழைய எண்ணுக்கு ஏறிக்கொண்டது. முட்டைகளைப் பார்க்க வந்திருந்த அக்கா மட்டும் பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு நேராக இயக்குநர் அறைக்குள் போனாள்.

"பெட்டி ஆறிப்போய்க் கிடக்குங்கய்யா. பாட்டரி எதுக்கு வாங்கினீங்க?"

"அவசரத்துக்கும்மா."

"கரண்ட் இல்லாதது அவசரம் இல்லையா?"

"இந்த அவசரத்துல எடுத்துட்டா, அப்புறம் அவசரத்துக்கு என்னம்மா இருக்கும்?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். அரசு ஊழியனுக்குக் கூரை பெரிய துணை.

ஏற்றத்தாழ்வே இல்லாமல் பாட்டரியைக் காத்ததற்காக எங்கள் அலுவலகத்துக்குக் கேடயம் அறிவித்தார்கள். விழாவுக்குக் குறித்த நாளிலேயே முட்டைகள் பொரிய வேண்டியிருந்தது. இயக்குநருக்கு மகிழ்ச்சி, ஒரே செலவில் இரண்டு விசேஷம். அன்று காலையில் கரண்ட் போனது, போனது போனதுதான். அக்கா பெட்டியில் காதை வைத்துக் கேட்டாள்.

"தம்பி, உள்ள கொத்துதுடா. ரெண்டு மூணு ஓட்டுல கீறல் விழுந்திருக்கு. இப்போ சூடு போச்சுன்னா அவ்வளவுதான். அந்தப் பாட்டரியை மாட்டுடா."

நான் இயக்குநரிடம் போனேன். "மேலதிகாரி வந்து தன் கையால அளக்கப்போறார். இப்போ போய் அதை எழுப்பச் சொல்றீங்களா?" என்றார்.

நான் திரும்பி வந்தபோது அக்கா பெட்டியைத் திறந்துகொண்டிருந்தாள். முட்டைகளை ஒரு கம்பளியில் எடுத்து, வெந்நீர் நிரப்பிய பாட்டில்களை நடுவில் செருகி, மடியில் வைத்துக்கொண்டு விழா மண்டபத்தின் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். அங்கேதான் ஆட்கள் நிறைய இருந்தார்கள், கொஞ்சம் கதகதப்பாக இருந்தது. மடிக்குள் அடங்காத முட்டைகளைக் கூடையில் அடுக்கிப் பக்கத்தில் வைத்திருந்தாள்.

மண்டபத்தில் விளக்கு இல்லை, மைக் இல்லை. பாட்டரி ஓய்வில் இருந்தது. மேலதிகாரி டார்ச் வெளிச்சத்தில் அளந்துவிட்டு, பதிமூன்று புள்ளி நான்கு என்று தொண்டை கிழியக் கத்தினார். கை தட்டினோம். "இந்தப் பாட்டரி நமக்கெல்லாம்..." என்று அவர் தொடங்கும்போது கடைசி வரிசையிலிருந்து கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. தொடர்ந்து இன்னொன்று.

"என்ன அது?"

இயக்குநர் எட்டிப் பார்த்தார். "திட்டத்தின் பலன் சார். குஞ்சு பொரிச்சிருக்கு."

"கரண்ட் இல்லையே?"

"இல்ல சார்."

"பாட்டரியும் போடலையே?"

"தொடவே இல்ல சார்."

மேலதிகாரி நெகிழ்ந்துவிட்டார். பாட்டரியைத் தொடாமலே குஞ்சு பொரிக்கும் இந்த முறையை எல்லா அலுவலகங்களுக்கும் விரிவுபடுத்த அங்கேயே ஆணையிட்டார். பலத்த கைதட்டல். அது அடங்குவதற்குள் அக்கா ஒரு கையால் மடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்து, கூடையிலிருந்து ஒரு முட்டையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"மடி ஒண்ணுதாங்கய்யா இருந்துச்சு. இது காலைல உள்ள கொத்திக்கிட்டு இருந்தது. இப்போ காதுல வச்சுப் பாருங்க."

அவர் வைத்துப் பார்த்தார். பிறகு அதை இயக்குநரிடம் கொடுத்தார், இயக்குநர் என்னிடம் கொடுத்தார். கோப்புகளும் எங்களிடம் இப்படித்தான் கீழே இறங்கும். ஓட்டில் சின்னக் கீறல் ஒன்று இருந்தது, உள்ளேயிருந்து விழுந்த கீறல். எனக்கு அழுகை வந்தது. அலுவலக நேரம் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

அக்கா மடியில் பிழைத்த ஒரு கைப்பிடிக் குஞ்சுகளோடு வீட்டுக்குப் போய்விட்டாள். கூடையை எடுத்துப்போகவில்லை. கேடயம் இயக்குநர் மேஜையில் இருக்கிறது. பாட்டரியை இன்று காலையும் அளந்தேன், பதிமூன்று புள்ளி நான்கு. எங்கள் நிர்வாகத்தில் அது ஒரு நாளும் குறைந்ததில்லை. குறைந்திருக்க வேண்டிய அன்றைக்கும் குறையவில்லை.